மச்சான்னு கூப்பிட்டான்

மழையில நிக்கறீங்களேன்னுதான் வண்டிய நிறுத்தினேனுங்க. இல்லீன்னா இந்த ரோட்டுல நான் ஆரையும் ஏத்தறதில்ல. பையக் கீழயே வெச்சுக்குங்க. துண்டு அந்தா கெடக்குது, தலையத் தொவட்டுங்க.

போன் பாக்கறீங்களா, பாருங்க பாருங்க. சத்தத்த மட்டும் கொறச்சுக்குங்க. இந்த வீடியோச் சத்தம் எனக்கு ஆகறதில்ல. ஏன்னு கேட்டீங்கன்னா, என்னையும் ஒரு வீடியோவுல எடுத்து ஊர் பூராத் தாட்டி விட்டுட்டானுங்க. கோட்டைவாசல், கூட்டம், நீலச் சட்ட போட்ட ஒரு ஆளு. நீங்க பார்த்ததில்லீங்களா? நல்லதாப் போச்சு.

அதுல இருக்கறது பாதிதானுங்க. ஆளு கையத் தூக்கறது கேமராவுக்குத் தெரியும். எதுக்குத் தூக்கறான்னு அதுக்குத் தெரியுமா? என் தங்கச்சி அதப் பார்த்துட்டுத்தான் என்னை வேண்டாம்னுட்டா. நான் முழுசாச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே ஞாயம் சொல்லுங்க.

எம் பேரு அத்தியப்பன். சங்ககிரிப் பக்கம். மீச மொளைக்கறதுக்கு முந்தி லாரி லைனுக்கு வந்தவன். தங்கச்சி பூவாத்தா. அவளக் கட்டினவன் செங்கோடன். நான் பார்த்துக் கட்டி வெச்ச மாப்பிள்ளைதான். லைன்ல வுட்டதும் நாந்தான். வடக்க லோடு போனா ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர் வேணுமுங்களே, எனக்கு சோடி அவன். நான் ஓட்டறப்ப அவன் படுப்பான், அவன் ஓட்டறப்ப நான் படுப்பேன். எத்தனையோ வருசம் அப்படி ஓடினோம்.

ஆளு ஒரு தினுசுங்க. வண்டி எங்க நின்னாலும் எறங்கி ஊரச் சுத்தப் போயிருவான். மத்த டிரைவருக சீட்டாடுவாங்க, தூங்குவாங்க, குடிப்பாங்க. இவன் நடப்பான். கோயிலு, கொளம், பழைய பங்களா, சந்தை, என்ன இருந்தாலும் போய்ப் பார்க்கோணும். "பார்க்காம வந்தா லோடு மட்டும் போயிட்டு வந்தாப்பல இருக்குது மச்சான், நாம போனாப்பலயே இல்ல" அம்பான்.

கை நீட்டற பழக்கமும் கெடையாது. லைன்ல இருந்துட்டுக் கை நீட்டாம எப்படிங்க? ஒருக்கா ஓசூருக்கு அக்கட்ட பைக்குல வந்த ஒருத்தன் நம்ம சைடு கண்ணாடிய ஒடச்சுட்டு என்னையே வைய்யறான். எறங்கி ஜாக்கி ராடுல முட்டியில ஒண்ணு வெச்சேன், அப்படியே உக்காந்துட்டான். நான் வந்து வண்டிய ஸ்டார்ட் பண்றேன், செங்கோடன் பக்கத்துல இல்ல. பார்த்தா அவனுக்குத் தண்ணி குடுத்து, ஆட்டோவ நிறுத்தி, தூக்கி ஏத்திட்டு இருக்கறான். எனக்கு எப்படி இருக்கும்? இவன் நம்ம பக்கமா, அவன் பக்கமான்னு கேட்டேன். ஆட்டோக்காரனுக்குக் காசு குடுத்துட்டுத்தான் வந்து ஏறினான். அப்படிப்பட்ட ஆளு.

அந்த ஊருக்கு ஜவ்வரிசி லோடு ஏத்திட்டுப் போனோம். ஊர் பேரச் சொல்ல மாட்டேன். சொன்னா அந்த ஊர்ல அத்தன பேரும் அப்படித்தான்னு நெனச்சுக்குவீங்க. பழைய ஊரு. எந்தக் காலத்து ராசாவோ கட்டின மதிலு ஊரச் சுத்தி நிக்குது. கறுப்புக் கல்லு. பகல்ல லாரிய உள்ள வுட மாட்டாங்க, வுட்டாலும் வாசல் வளைவுல திரும்பாது. வெளிய அகழியோரம் ஓரங்கட்டிட்டோம். மறுநாள் சின்ன வண்டியில மாத்தி எடுத்துக்கறேன்னு ஏவாரி சொல்லிட்டான்.

"மச்சான், வாங்க, உள்ள ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்" அப்படீன்னான் செங்கோடன்.

"கால் வலிக்குது, நீ போ."

"உள்ள டீ நல்லா இருக்குமாம். வாங்க மச்சான், ஒருக்கா."

அவனாத்தான் கூப்பிட்டான். நானாப் போகல. அத நல்லா மனசுல வெச்சுக்குங்க.

வாசக்கதவு இருக்குது பாருங்க, அடேயப்பா, நம்ம வண்டி ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு. கதவு பூரா இரும்பு ஆணி, மொழ நீளத்துக்கு நீட்டிட்டு நிக்குது. யானை முட்டாம இருக்கறதுக்காம். அதத் தாண்டி உள்ள போனா நேரா ஊரு வராது. ரெண்டு பக்கமும் செவுரு, மேல கல்லுக் கூரை, இருட்டு. கொஞ்ச தூரம் போயி பாதை சட்டுனு மடங்குது. மடங்கினதுக்கு அப்பறந்தான் ரெண்டாவது வாசல். செங்கோடன் அந்த முக்குல நின்னு செவுத்தத் தடவிப் பார்த்துட்டே சொல்றான். "எதுக்கு மடக்கியிருக்கறாங்க தெரியுங்களா? யானை ஓடி வந்து முட்டோணும்னா வேகம் வேணும். இங்க கட் அடிச்சுத்தான் திரும்போணும், வேகம் செத்துப் போயிரும்." மேல அண்ணாந்து பார்த்தான். கூரையில ஓட்டை ஓட்டையா இருக்குது. "இது வழியாக் காச்சின எண்ணெய ஊத்துவாங்க மச்சான். கல்லப் போடுவாங்க. உள்ள மாட்டினவன் முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் போக முடியாது."

"உனக்கு எவன் சொன்னான்?"

"பின்ன ஓட்டை எதுக்கு வெப்பான், மழத்தண்ணி உழுகறதுக்கா?"

சிரிச்சுட்டேன் நானு.

உள்ள சந்து சந்தாப் போகுது. பூட்டுக் கடை, வளையல் கடை, கறிக் கடை, எண்ணெய் காயற வாசம். ஒரு சந்துல ரெண்டு தோளும் செவுத்துல ஒரசுது. படி வெச்ச கெணறு ஒண்ணு, உள்ள எட்டிப் பார்த்தா பச்சத் தண்ணி. மதிலோட ஒட்டி ஒட்டி வீடு கட்டியிருக்கறாங்க. பழைய பீரங்கி மேல துணி காயப் போட்டிருக்குது. அவன் எல்லாத்தையும் நின்னு நின்னு பார்க்கறான். எனக்கு அதெல்லாம் தெரியல. சனங்க எங்களப் பார்க்கறதுதான் எனக்குத் தெரிஞ்சுது. கடையில இருக்கறவன் பேச்ச நிறுத்திட்டுப் பார்க்கறான். முதுகு கூசுச்சு.

காரணம் இருந்துச்சுங்க. அந்த வாரம் ஒரு வீடியோ சுத்திட்டு இருந்துச்சு. புள்ள புடிக்கற கும்பல் தெக்க இருந்து லாரியில வந்திருக்குது, சாக்கிரதைன்னு. சோலாப்பூர்ப் பக்கம் தாபாவுல ஒருத்தன் எனக்கு அனுப்பினான். நானும் நம்ம குரூப்புகளுக்கு அனுப்பி வுட்டேன், எல்லாரும் சாக்கிரதையா இருக்கட்டும்னு. நல்ல எண்ணந்தானுங்களே. செங்கோடன்கிட்டச் சொல்லல. சொன்னாப் பயந்துக்குவான். ஊரச் சுத்தறதுதான் அவனுக்கு ஒரு சந்தோசம், அத எதுக்குக் கெடுக்கோணும்.

மதில் மேல ஏறப் படி இருந்துச்சு. என்னால ஆகாதுன்னுட்டேன். கீழயே டீக்கடை, நான் டீ வாங்கிட்டு பெஞ்சுல உக்காந்துட்டேன். அவன் ஏறிட்டான். மேல புள்ளைக பட்டம் வுட்டுட்டு இருக்குதுக. இவனும் மதில் மேல நடந்துட்டே ஊரப் பார்க்கறான். கீழ என்னைப் பார்த்துக் கையக் காட்டினான். நான் கையக் காட்டல.

ஒரு எடத்துல மதில் இடிஞ்சு கெடக்குது. கைப்புடிச் செவுரு இல்ல, அந்தால நேரா அகழிதான். பச்சைக் கவுன் போட்ட ஒரு சின்னப் பொண்ணு, அறுந்த பட்டத்து நூலப் புடிக்க அந்த இடிசல் வழியா எட்டுது. பாதி ஒடம்பு வெளிய போயிருச்சு. நான் கீழ இருந்து கண்ணால பார்த்தேனுங்க. செங்கோடன் ஒரே பாச்சலாப் பாஞ்சு இடுப்பப் புடிச்சுத் தூக்கிட்டான். ஒரு நொடி பிந்தியிருந்தா அந்தப் புள்ள இல்ல.

அது பயந்து போயிக் கத்துது. கையக் கடிக்குது. இவன் சிரிச்சுட்டே அதத் தோள் மேல போட்டுட்டுப் படியில எறங்க வர்றான், ஆத்தாகிட்டக் குடுக்கலாம்னு. எதுத்த மொட்டை மாடியில இருந்து ஒரு பொம்பள அதப் பார்த்துட்டா. ஆரோ ஒருத்தன் புள்ளையத் தூக்கிட்டுப் போறான், புள்ள கதறுது. அவ கண்ணுக்கு அவ்வளவுதானுங்களே தெரியும். கத்தினா பாருங்க, பச்சா சோர், பச்சா சோர்ன்னு. புள்ளத் திருடன்னு அர்த்தம்.

கடைகள்ல இருந்து ஆளுக எந்திரிச்சு ஓடறாங்க. படியிலயே மொத அறை உழுந்துச்சு. புள்ளையப் புடுங்கிட்டாங்க. எங்கிருந்துடா வர்றேன்னு சட்டையப் புடிச்சு உலுக்கறான் ஒருத்தன். செங்கோடனுக்கு அந்தப் பாஷையில தெரிஞ்சது நாலே வார்த்தைதான், தண்ணி, ரொட்டி, லாரி, மதராஸ். அவன் வெளிய கையக் காட்டிச் சொல்றான், "லாரி, லாரி, மதராஸ்." அதச் சொல்லலாமுங்களா? வீடியோவுல சொன்னதே அதுதானே. அப்பறம் அடி உழுந்த வேகமே வேற. மூக்கு ஒடஞ்சு ரத்தம் வாயில ஊத்துது, அப்பவும் லாரி லாரிங்கறான்.

எனக்கு ஹிந்தி சுத்தமா வருமுங்க. நான் பேசினா மதராசின்னு ஒருத்தன் சொல்ல மாட்டான். டீக்கடைக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ அவன்கூடத்தானே வந்தே?" அப்படீன்னான். நான் டீயக் கீழ வெக்காமயே சொன்னேன், "நான் ஐதராபாத்து. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தேன். அவன் ஆருன்னே தெரியாது." அப்படியே நம்பிட்டான். அன்னைக்கு அந்த ஹிந்திதான் என் உசுரக் காப்பாத்துச்சு. அதே ஹிந்தியில அவனுக்குச் சொல்லியிருக்கலாமேன்னு பூவாத்தா கேக்கறா. கூட்டத்துல இருந்து பார்த்திருந்தா கேட்டிருக்க மாட்டா.

அவனத் தரதரன்னு இழுத்துட்டுக் கோட்டைவாசலுக்கு வர்றாங்க. நான் பெஞ்சுல இருந்து எந்திரிச்சுக் கூட்டத்தோட கூட்டமாப் போனேன். அந்த மடங்கற எடம் சொன்னனுங்களே, அங்க கொண்டாந்து தள்ளிட்டாங்க. ரெண்டு பக்கமும் ஆளுக அடைச்சுட்டாங்க. மேல ஏறி நின்ன பயலுக கூரை ஓட்டை வழியா செங்கல்லப் போடறானுக. கீழ இருக்கறவன் பெல்ட்டக் கழட்டி பக்கிள் இருக்கற பக்கத்தால அடிக்கறான். செருப்பு, தடி, பூட்டுக் கடை இரும்பு. அந்த இருட்டுல அடிக்கற சத்தம் ரெண்டு ரெண்டாக் கேக்குது, செவுத்துல மோதித் திரும்பி வருது. நெத்தி பொளந்து ஒரு கண்ணு மூடிருச்சு. முட்டி போட்டு உக்காந்து, ரெண்டு கையையும் எடுத்துக் கும்புடறான் ஒவ்வொருத்தனையும். கும்புட்டுட்டே சுத்தி வர்றப்ப, மிச்சம் இருக்கற ஒத்தக் கண்ணுல என்னைப் பார்த்துட்டான்.

"மச்சான்" அப்படீன்னான்.

சத்தமாக்கூட இல்ல. ஆனா கூட்டத்துல பாதிப் பேரு, இவன் ஆரக் கூப்பிடறான்னு திரும்பிப் பார்த்துட்டாங்க. டீக்கடைக்காரனும் அங்க நிக்கறான். "மச்சான், சொல்லுங்க மச்சான்" அம்பறான் மறுக்காவும். நான் என்னங்க பண்ணட்டும்? அந்த வார்த்தைய நிறுத்தோணும். போயி வாயில ஒண்ணு வெச்சேன். ஒண்ணே ஒண்ணு.

அடிச்ச கை வலிச்சுதுங்க. பல்லு குத்திருச்சு. இந்தா பாருங்க, வடு இருக்குது.

கூட்டம் திரும்பி அவனப் பார்க்க ஆரம்பிச்சிருச்சு, என்னை வுட்டுட்டு. ஒருத்தன் என் முதுகுல தட்டிக் குடுத்து, கடைக் கதவுக்குக் குறுக்க போடற கட்டையக் கையில குடுத்தான். வாங்க மாட்டேன்னு சொல்ல முடியுமா, அந்த எடத்துல? காலுல மட்டுந்தான் அடிச்சேன். தலையில அடிச்சா ஆளு போயிருவான், கால்னாப் பொழைச்சுக்குவான்னு ரோசன பண்ணித்தான் அடிச்சேன். அவ்வளவு கூட்டத்துல ரோசனையோட அடிச்சவன் நான் ஒருத்தந்தான். இன்னொண்ணும் இருக்குது. நான் பக்கத்துல நின்னு அடிக்கற வரைக்கும் அந்த எடத்துல வேற ஒருத்தன் வந்து அடிக்க முடியாதுங்களே. அதுனால நிறுத்தாம அடிச்சேன். வீடியோவுல எண்ணிப் பார்த்துட்டு பதினொண்ணு பதினொண்ணுன்னு பூவாத்தா சொல்றா. எண்ணறவளுக்கு அந்தக் கணக்குப் புரியாது.

அவன் அதுக்கப்பறம் மச்சான்னு கூப்பிடல. ஒரு சத்தமும் போடல. நான் அடிக்கறப்ப மட்டும் காலக்கூட இழுத்துக்கல, என்னையே பார்த்துட்டுக் கெடந்தான். புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன்.

அந்தப் பொண்ணோட ஆத்தா வந்ததுக்கப்பறந்தான் அடி நின்னுச்சுங்க. புள்ள அவகிட்ட நடந்தத சொல்லியிருக்குதாட்ட இருக்குது. ஒல்லியான பொம்பள, கூட்டத்துக்குள்ள கைய வுட்டு, ஆளுகளப் பிராண்டி, கடிச்சு, எப்படியோ நொழஞ்சு வந்து அவன் மேல அப்படியே படுத்துட்டா. "என் புள்ளையக் காப்பாத்தினவன்டா, என்னை அடிங்கடா" அம்பறா. அவ மேலயும் அடி உழுந்துச்சு. ஓங்கின கை சட்டுனு நிக்குமுங்களா, எல்லாருக்கும்? அவ முதுகுல ஒரு கட்டை அடி உழுந்துச்சு, நல்லாவே கேட்டுச்சு. அங்க கட்டை வெச்சிருந்தவன் நான் மட்டுந்தானான்னு எனக்குத் தெரியாது. அவ எந்திரிக்கல. அவன் தலையத் தன் வயித்துக்கு அடியில வெச்சு மூடிட்டுக் கத்திட்டே இருந்தா. ஒவ்வொருத்தனாக் கையக் கீழ போட்டான். போலீசு வந்துச்சு.

நான் கட்டையச் செவுத்து ஓரமா சாத்தி வெச்சுட்டு வெளிய வந்தேன். வண்டிய எரிச்சுருவானுகளோன்னு பயம். மொதலாளி லோடு உள்ள இருக்குது. எடுத்துட்டேன். அடுத்த ஊர் தாண்டி நிறுத்திப் போலீசுக்குப் போன் போட்டு, என் தங்கச்சி புருசன் அங்க இருக்கறான், காப்பாத்துங்கன்னு சொன்னவனும் நாந்தான். வீடியோவுல அது இருக்குதா? இல்லீங்களே.

ஊர் அடங்கினதும் நானும் ஆசுபத்திரிக்குத் திரும்பி வந்தேன். தாடைக்குக் கம்பி கட்டினாங்க. எடது கண்ணு போச்சு. முட்டி ஒண்ணு இனி மடங்காதுன்னுட்டாங்க. அது நான் அடிச்ச காலு இல்லீங்க, நான் அடிச்சது வலது. இல்ல, அவனுக்கு எடது, எனக்கு வலது. ரோட்டப் பார்த்துட்டே சொல்றதுல கொழம்புது.

பூவாத்தா தகவல் கேட்டு ஓடியாந்தா. நாந்தான் ரயில் ஸ்டேசன்ல இருந்து கூட்டிட்டு வந்தேன். நான் எங்கயோ டீ குடிக்கப் போனப்ப நடந்திருச்சுன்னு சொல்லி வெச்சிருந்தேன். அவளும் என் தோள்ல சாஞ்சுட்டு அழுதா. அப்பறம் ஊர்ல இருந்து சித்தப்பன் மகன் அந்த வீடியோவ அவளுக்கு அனுப்பிட்டான். ஆசுபத்திரி வராண்டாவுல உக்காந்து பார்த்தா. ஒருக்காப் பார்த்தா, திரும்ப வெச்சுப் பார்த்தா. தலையத் தூக்கி என் சட்டையப் பார்த்தா. மாத்துச் சட்ட இல்லாம அதே நீலச் சட்டையத்தான் தொவச்சுப் போட்டிருந்தேன்.

எந்திரிச்சு வந்து செருப்பக் கழட்டி என்னை அடிச்சா. ஆளுக பார்க்கறாங்க. நான் தடுக்கல. கூடப் பொறந்தவ, கோவம், அடிக்கட்டும். "போயிருங்கண்ணா. இனி எம் மூஞ்சியில முழிக்காதீங்க" அப்படீன்னா.

போலீசு வந்து செங்கோடன்கிட்ட வீடியோவக் காட்டி ஒவ்வொருத்தனா அடையாளம் கேட்டாங்க. நீலச் சட்டை வந்தப்போ, இந்த ஆளத் தெரியுமான்னு கேட்டிருக்கறாங்க. தெரியாதுன்னு தலைய ஆட்டியிருக்கறான். பார்த்தீங்களா? அடிபட்டவனுக்கே தெரிஞ்சிருக்குது, நான் எதுக்கு அடிச்சேன்னு. மத்தவங்களுக்கு என்ன வந்துச்சு?

போன மாசந்தான் அவங்க ஊட்டுக்குப் போனேன். எத்தன நாளைக்குப் போகாம இருக்கறது? பூவாத்தா கதவத் தொறந்துட்டு வழிய மறிச்சுட்டு நின்னா. உள்ள இருந்து செங்கோடன் கொரல் வந்துச்சு, வாய் கோணிப் பேச்சு கொழறுது இப்ப. "வுடு பூவாத்தா. உள்ள வரட்டும்."

கட்டல்ல உக்காந்திருந்தான். எளச்சுட்டான். அந்தக் காலு நேரா நீட்டியே இருக்குது. பக்கத்துல போயி, தோள்ல இருந்து துண்டு நழுவிட்டு இருந்துச்சு, எடுத்துப் போடலாம்னு கையத் தூக்கினேன். ரெண்டு கையாலயும் தலைய மூடிட்டு அப்படியே செவுத்தோட ஒண்டிக்கிட்டான்.

"டாக்டர் சொல்லியிருக்கறாரில்ல, தலையில அடிபட்டா ஆரு கையத் தூக்கினாலும் அப்படித்தான் இருக்குமாமா" அப்படீன்னேன் பூவாத்தாகிட்ட.

"ஆரு தூக்கினாலும் இல்ல" அப்படீன்னா. "தெனமும் நான் தலை சீவி வுடறேன். எங்க புள்ள அவரு மேல ஏறி வெளையாடுது. அக்கம்பக்கத்து ஆளுக வந்து கையப் புடிச்சு நடக்க வெக்கறாங்க. உங்க கைக்கு மட்டுந்தான்."

செங்கோடன் கொஞ்சம் கொஞ்சமாக் கையக் கீழ எறக்கிட்டான். மூச்சு வாங்குது. "சோறு போடு அவருக்கு" அப்படீன்னான். அவ முடியாதுன்னா. "போடுங்கறேன்ல" அப்படீன்னான்.

போட்டா. தட்ட வெச்ச வேகத்துல கொளம்பு தெறிச்சுது. நான் கீழ உக்காந்து சாப்பிட்டேன். செங்கோடன் கட்டல்ல அந்த மூலையில உக்காந்துட்டு என் கையையே பார்த்துட்டு இருந்தான். கை வாய்க்கு மேல வர்றப்பெல்லாம் அவன் தோளு ஒரு வெட்டு வெட்டுது. எறக்கினா சரியாயிருது. நான் மொள்ளமாத்தான் சாப்பிட்டேன், அவனுக்கு வேண்டி.

கொளம்பு நல்லா இருந்துச்சுங்க. எங்க அம்மா கைப்பக்குவம் அவளுக்கு அப்படியே வரும். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நீங்களே சொல்லுங்க, தப்புப் பண்ணினவன் ஒருத்தன் அப்படி எதுத்தாப்பல உக்காந்து மறுசோறு வாங்கிச் சாப்பிட முடியுமுங்களா?